அனுபவம் ஒண்ணுமில்லைன்னு சொன்ன மகளுக்கு

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்க நானும் அப்பாவும் தம்பி சசியும் மாரியம்மா புண்ணியத்துல சுகம். நீயும் பினாங்குல சீக்கு நோவு இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எவ்வளவு கோவம் இருந்தாலும் அதை முதல்ல எழுதுறதுதான் முறை. இதுக்கு மேல எழுதப்போறது எல்லாம் கோவம்தான், பசியாறிட்டு உக்காந்து படி.

போன் பண்ணா எடுக்கமாட்டேங்குற, குரல் பதிவு அனுப்பினா கேக்கமாட்டேங்குற. அக்கா எல்லாத்தையும் பார்த்துட்டு சும்மா இருக்கும்மான்னு சசி சொல்றான். சரி, கடிதாசின்னா பிரிச்சித்தானே ஆகணும்னு எழுதுறேன். உன் ரூம் விலாசத்தை உன்கூடப் படிச்ச ரோகினிதான் கொடுத்துச்சி. அதுகிட்ட சண்டைக்குப் போகாத. நான் போட்ட சத்தத்துல அந்தப் புள்ளை அழுதுட்டுத்தான் கொடுத்துச்சி.

எனக்கு எப்படித் தெரிஞ்சிச்சின்னு கேப்ப. பக்கத்து வீட்டு மயிலம்மாள் அக்கா மருமகளுக்கு அங்க பினாங்குல பிள்ளை பொறந்திருக்கு. நீ வேலை செய்றேன்னு எங்ககிட்ட சொன்னியே, அதே ஆஸ்பத்திரிலதான். அக்கா பேரனைப் பார்க்கப் போன எடத்துல, நம்ம ரெம்பாவ் புள்ளை, ஷாமினின்னு ஒரு தாதி மிஸ்ஸி எந்த வார்டுல இருக்குன்னு மாடி மாடியா ஏறி இறங்கி விசாரிச்சிருக்காங்க. உனக்குன்னு அதிரசம் வேற கையில வச்சிக்கிட்டு. அப்படி ஒருத்தி இங்க வேலை செய்யவே இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். அக்கா அதைக் கோயில்லயோ கடையிலயோ வச்சிச் சொல்லல, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு காதோட சொன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா, வேற கிளைக்கு மாத்திட்டாங்கக்கான்னு வாய் கூசாம சொன்னேன். உன்னால நானும் பொய்க்காரி ஆனேன். வேலை கிடைச்சிருச்சின்னு நீ போன் பண்ண அன்னைக்கு இந்தத் தோட்டத்துல ஒரு வீடு விடாம கேசரி கொண்டுபோய்க் கொடுத்தவ நான். இப்ப அந்த வீடுகளைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போறேன்.

அப்புறம்தான் ரோகினிக்குப் போன் போட்டேன், எல்லாம் வெளிய வந்துச்சி. நீ ஏதோ பேரங்காடியில முகப்பூச்சு, உதட்டுச் சாயம் விக்கிற கவுண்டர்ல நிக்கிறியாம். அந்த வேலை கேவலம்னு சொல்லல, அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி, நான் ஸ்கூல் கேண்டீன்ல பாத்திரம் கழுவுறவ. ஆனா அதுக்கா மூணு வருசம் தாதிப் படிப்பு படிச்ச. வேலை கேட்டுப் போன ஆஸ்பத்திரியில எல்லாம் அனுபவம் இருக்கா, எத்தனை வருசம்னுதான் முதல் கேள்வியாம். ஒரு இடத்துல உன்னைக் காலையிலருந்து உக்கார வச்சி, சாயங்காலம் கூப்பிட்டு, அனுபவம் உள்ளவங்கதான் வேணும்னு போட்டிருந்தோமே, ஏன் வந்தன்னு கேட்டாங்களாமே. எல்லாரும் அனுபவம் கேட்டா, அதை முதல்ல கொடுக்கிறது யாருலா, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கூறு கட்டியா விக்கிறாங்க. பொறக்கும்போதே அனுபவத்தோட பொறந்தாங்களா அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்க. நான் மட்டும் அன்னைக்குப் பக்கத்துல இருந்திருக்கணும்.

ஆனா அவங்க மேல உள்ள கோவத்தைவிட உன்மேல உள்ள கோவம்தான் அதிகம். கடைசியாப் போன நேர்முகத்துல, இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கன்னு ஒரு அம்மா தன்மையாத்தான் கேட்டிருக்காங்க. அதுக்கு நீ தலையைக் குனிஞ்சிக்கிட்டு ஒண்ணுமில்ல மேடம்னு சொன்னியாமே. எப்படி வாய் வந்திச்சி உனக்கு. பயிற்சி காலத்துல கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வார்டுல மாசக்கணக்கா நின்னது யாரு. கால் வீங்கி வீட்டுக்கு வருவியே, சுடுதண்ணில உப்புப் போட்டு நான்தானே வச்சிவிட்டேன். பக்கவாதம் வந்து படுத்த அந்த மலாய்க்காரப் பெரியம்மா, மாக்சிக், யாரையும் தொடவிடாம அடிச்சவங்க, உன்கிட்ட மட்டும்தானே பேசாம குளிச்சாங்க. முதுகுல புண் வந்துடக்கூடாதுன்னு அவங்களை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வச்சதை எங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்ப. வீட்டுக்கு அனுப்பின அன்னைக்கு அவங்க மகன் ஒரு மூட்டை ரம்புத்தான் கொண்டாந்து கொடுத்தானே, நாம எல்லாரும் உக்காந்து உரிச்சித் தின்னோமே. ஒண்ணுமில்லாததுக்கா அவன் அந்தப் பழத்தைக் கொடுத்தான். அதைச் சொல்லியிருக்கணும்லா. சம்பளம் வாங்காம செஞ்ச வேலைன்னா வேலை இல்லைன்னு ஆயிடுமா.

போன வாரம் அப்பாவுக்கு முட்டி வலின்னு சிரம்பான்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவரை எக்ஸ்ரே எடுக்க உள்ள அனுப்பிட்டு நிக்கும்போது செவத்துல அறிவிப்பு ஒட்டியிருந்துச்சி, தாதிகளுக்கு நேர்முகம், புதுசாப் படிச்சவங்களும் வரலாம்னு. அங்க இருந்த சிஸ்டர்கிட்ட போனேன். பேர் அட்டையில பஞ்சாலைன்னு போட்டிருந்துச்சி, நம்ம ஆளு. வந்ததும் வராததுமா அவங்ககிட்டயே சண்டை போட்டேன், எல்லா ஆஸ்பத்திரியும் சேர்ந்து எங்க வீட்டுப் புள்ளையை உதட்டுச் சாயம் விக்க வச்சிட்டீங்களேன்னு. மனுசி கோவப்படல. படிச்சி முடிச்ச புதுசுல நானும் அலைஞ்சிருக்கேன்னு சொன்னாங்க. புதுசா வர்றவங்களைப் பழைய ஆளோட சேர்த்து வார்டுல விட்டுப் பழக்குவாங்களாம். ஆனா பயிற்சியில என்ன செஞ்சன்னு கட்டாயம் கேப்போம், அதுக்குக்கூட ஒண்ணுமில்லன்னு சொல்ற புள்ளைகிட்ட நோயாளியை எப்படிமா ஒப்படைக்கிறதுன்னு கேட்டாங்க. நேர்முகம் வர்ற இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை காலையில. உனக்காக நான் பேசினா செல்லாதாம், நீதான் வரணுமாம்.

அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலதான் அப்பாகிட்ட விசயத்தைச் சொன்னேன். அதுவரைக்கும் அவர்கிட்ட மறைச்சி வச்சிருந்தேன், லோரி ஓட்டுற மனுசன், தாங்கமாட்டார்னு. அவர் முட்டியைத் தேய்ச்சிக்கிட்டே, எனக்கு முன்னாலயே தெரியும்னு சொன்னார். தீபாவளிக்கு முன்னால லோரி சாமான் எடுக்க உன் பினாங்குக்குப் பக்கத்துல பட்டர்வொர்த் போனாரே, அப்பவே உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். நீ அங்க இல்லைன்னதும் ரோகினிகிட்ட கேட்டு, அந்தக் கடைக்கே வந்திருக்கார். நீ யாரோ ஒரு சீனத்திக்குக் கண்ணுல மை போட்டுக்கிட்டு இருந்தியாம். எதிர்ல ஒரு தூண் பக்கத்துல நின்னு பார்த்துட்டு அப்படியே திரும்பிட்டாராம். ஏன் கூப்பிடலன்னு கேட்டேன். “புள்ளை சிரிச்சிக்கிட்டு இருந்திச்சி. கிட்ட போனா அந்தச் சிரிப்பு போயிடும்” னு சொன்னார். ரோகினிகிட்ட இதை யாருக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டு, இங்க வந்து இத்தனை மாசமா தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர்கிட்டயும் கணக்கு எழுதுற கிராணிகிட்டயும் என் மக தாதின்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சிருக்கார். ஒரு வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்துறதா நினைச்சிக்கிட்டு மூணு பேர் பொய் சொல்லியிருக்கோம். அந்த ஆஸ்பத்திரியில அத்தனை பேர் முன்னால நான் அவரை ஏசிட்டேன்.

அதனால இப்ப சொல்றதைக் கேளு. புதன்கிழமை ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். தாதி லைசென்ஸைப் புதுப்பிச்சியான்னு பாரு, இல்லைன்னா இன்னைக்கே அந்த வேலையை முடி. வார்டுல போட்ட வெள்ளைச் சப்பாத்தை மறக்காம எடுத்து வை. பஸ்ல சன்னல் ஓரம் உக்காராத, ஏர்கோன் காத்து உனக்கு ஆகாது. அப்பா உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டார், நானும் வருவேன், வெளிய உக்காந்திருப்பேன், உள்ள வந்து சண்டை போடமாட்டேன். வேலை கிடைக்கலன்னா கிடைக்கலன்னு வந்து சொல்லு, அடுத்த இடத்துக்குப் போவோம், அதுக்கும் அடுத்த இடத்துக்குப் போவோம். கிடைக்காம கிடைச்சிருச்சின்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லிடாத. அன்னைக்கும் உனக்குச் சோறு போடுவேன், ஆனா பேசமாட்டேன்.

மாரியம்மா உன் வாயைத் திறக்க வைக்கட்டும், நல்லா இரு.

கோவம் இன்னும் தீராத உன் அம்மா,
மு. புஷ்பவள்ளி,
ரெம்பாவ்.