எஸ்தர் ஒட்டிவைத்த மிட்டாய்

1912 மே 14, செவ்வாய்.

மைத்துனன் தன் அக்காள் எஸ்தருக்கென்று கொழும்பிலிருந்து கொண்டுவந்த, விழுங்கக் கூடாத சவ்வு மிட்டாய். முந்தாநாள் அவள் காய்ச்சலோடு அதை மென்றுகொண்டிருந்தாள். நடுவே பானைத் தண்ணீர் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

“இதென்ன, தண்ணி குடிச்ச ஒடனே கல்லு மாதிரி ஆயிட்டு?”

“மெழுகு மாதிரிதான். குளுந்தா இறுகும். வாய்ச் சூட்டுல பைய இளகிரும்.”

அந்த நேரத்திலும் எனக்குப் பாடம் நடத்தத் தோன்றியிருக்கிறது.

“நாளைக்கு மெல்லுதேன்” என்று கட்டில் சட்டத்தில் ஒட்டிவைத்தாள்.

இன்று அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அது கையில் தட்டுப்பட்டது. பெயர்த்தெடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இளகிவிட்டது.

நேற்று அவள் கையையும் இப்படித்தான் வெகுநேரம் பொத்தி வைத்திருந்தேன். சூடு ஏறவே இல்லை.