முசரவாக்கம் பிடிச்சாச்சு

ஜூன் 3, செவ்வாய்

போன் கேமில் இருபத்தெட்டாவது டர்னிலேயே ராமுவின் தலைநகரைப் பிடித்துவிட்டேன். நான்கு வில்லாளிகள், ஒரு கவண் வண்டி. அவ்வளவுதான். அவன் பாட்டுக்குக் கோயில் கட்டிக்கொண்டிருந்தான், மதிலில் காவலுக்கு ஒரு ஆள் இல்லை. அவன் வைத்த பெயர் முசரவாக்கம், அவனுடைய சொந்த ஊர். என் தலைநகர் பிள்ளையார்பாளையம்.

ராமராஜன் என் அத்தை மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. கேரம், செஸ், சீட்டு, எதில் நான் ஜெயித்தாலும் “சின்னப் பொண்ணுன்னு விட்டுக் குடுத்தேன்பா” என்பான். இருபது வருடமாக இதே பல்லவி. இந்தத் தடவை அவன் வாயாலேயே “தோத்துட்டேன்” என்று வரவேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

சந்தோஷத்தில் “முசரவாக்கம் புடிச்சாச்சு!” என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா, “இன்னாடி புடிச்சிருக்குது?” என்றாள்.

“முசரவாக்கம்மா!”

“அப்படியா?” என்றாள். அதோடு விட்டாள் என்று நினைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

இன்னும் அவன் ஆடவில்லை. ஒருவர் முடித்தால்தான் மற்றவர் நகர்த்த முடியும். அடுத்து திருமுக்கூடல்தான், அவனிடம் மிச்சமிருக்கும் நகரம் அது ஒன்றே. என் படை நடுவழியில் நிற்கிறது.

ஜூன் 6, வெள்ளி

ஆடவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஆறு நாள்! வாட்ஸ்அப்பில் தினமும் கேட்கிறேன். ‘டர்ன்’ என்று தமிழில் அடித்தால் என் போன் அதை ‘டர்ர்’ என்று திருத்துகிறது. போனுக்குக்கூட என்னைப் பார்த்தால் இளக்காரம். அதனால் நல்ல தமிழில் ‘உன் முறை’ என்று அனுப்புகிறேன். பார்க்கிறான், நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை.

கடையில் புடவை டிசைன் போடும்போதும் கண் போனிலேயே. பார்டரில் மயில் வரவேண்டிய இடத்தில் அன்னத்தைப் போட்டுவிட்டேன். முதலாளி கலியாணசுந்தரம் சார் திரையைப் பார்த்து, “இன்னாமா, மயிலு எங்க பறந்து போச்சு?” என்றார்.

அவன் ஆடாவிட்டால் எனக்கென்ன? எதற்கு மணிக்குப் பத்து தரம் பார்க்கிறேன்? எரிச்சல்தான். வேறு என்ன.

ஜூன் 13, வெள்ளி

அம்மா இரண்டு நாளாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். “ராமுவ இனிமே பேர் சொல்லிக் கூப்புடாத. மாமான்னு கூப்புடு” என்கிறாள். எதற்காம்?

ஜூன் 15, ஞாயிறு

கடவுளே.

காலையில் பழம், பூவோடு கலையரசி அத்தை வந்து நிற்கிறாள். பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ராமு. அத்தை என் கன்னத்தை வழித்து, “உன் வாயாலயே கேட்டுட்டியாமே, கண்ணு! நாங்கதான் எப்படிக் கேக்கறதுன்னு தயங்கிக்கினு இருந்தோம்” என்றாள்.

அம்மா என் போனைப் பார்த்திருக்கிறாள். நான் அனுப்பியதை எல்லாரும் கேட்கும்படி படித்தாள்: “உன் முறை. உன் முறைதானே, ஏன் இழுக்கிற? எத்தினி நாள் காத்துக்கினு இருக்கிறது? ஒரு முடிவு சொல்லு.”

அந்த நேரத்தில் அதைக் கேட்டால் எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஐயோ!

“அது கேம்மா!”

“கேம்ல எவளாவது முறை கேப்பாளா? முசரவாக்கம் புடிச்சிருக்குதுன்னு நீதானே கத்துன?”

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார். நான் ராமுவைப் பார்த்தேன். “நீயே சொல்லு. ஏன் பதில் போடலன்னு சொல்லு.” ஒரே வாக்கியம் சொன்னால் போதும்: கேம்ல தோத்துட்டேன், அதான் ஆடல. எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவன் தட்டிலிருந்த மிக்சரில் கடலையைத் தேடிப் பொறுக்கினான். பிறகு நிமிர்ந்து, “எனக்குச் சம்மதம்தான் அத்த” என்றான்.

தோத்தேன்னு சொல்ல வாய் வரல, கட்டிக்கிறேன்னு சொல்ல மட்டும் வருதா? கொதித்துப் போய் எழுந்து, “மொதல்ல உன் முறைய முடி. அப்புறம் பேசிக்கலாம்” என்றேன்.

“பாத்தியா, அவளே சொல்ட்டா!” என்று அத்தை கைதட்டினாள்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா ஜாக்கெட் அளவு கேட்கிறாள். பேச மாட்டேன். யாரோடும் பேச மாட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

போன் டிங் என்றது. பதினேழு நாள் கழித்து அவன் டர்னை முடித்திருக்கிறான். திறந்து பார்த்தால், திருமுக்கூடலில் இருந்த ஒரே ஈட்டிக்காரனை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டான். வாசல் திறந்து கிடக்கிறது. வந்து எடுத்துக்கோ என்கிறானாம்!

“மறுபடியும் விட்டுக் குடுக்கிறியா? பிச்சையா போடற?” என்று அனுப்பினேன்.

இந்தத் தடவை உடனே பதில் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

“விட்டுக் குடுக்கல ஜோ. தோத்துட்டேன். முசரவாக்கத்த நீ புடிச்ச அன்னிக்கே தோத்துட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. முன்னாடி ஜெயிச்சதும் நீயாதான் ஜெயிச்ச, நான் ஒரு தடவகூட விட்டுக் குடுத்தது இல்ல. ஞாயித்துக்கிழம சொன்னது கேமுக்காக இல்ல. புடிக்கலன்னா சொல்லு, எங்கம்மாகிட்ட நானே பேசிக்கிறேன். இப்ப உன் முறை.”

நான் கேட்ட சொல் வந்துவிட்டது. குதிக்க வேண்டாமா நான்? மூன்று தரம் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 23, திங்கள்

மூன்று நாள் ஆகிறது. திருமுக்கூடல் வாசல் அப்படியே திறந்து கிடக்கிறது, ஒரு வில்லாளி போதும். டர்னை முடிக்கும் பொத்தான்மேல் விரலை வைக்கிறேன், எடுக்கிறேன். பதினேழு நாள் அவனை எப்படியெல்லாம் திட்டினேன்!

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வாரமாகப் பேசாத மகளிடம் கொஞ்சம் பயந்தபடிதான் கேட்டாள்.

“இப்ப யாரு முறைடி?”

“என் முறைதாம்மா” என்றேன்.