மணிக்காரர் ராஜா வேடம் கட்டிய ஞாயிறு

அண்ணா,

இன்று காலை மறுபடியும் பூமி அதிர்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. அலமாரித் தட்டில் இருந்த பித்தளை டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஒரு டம்ளர் விளிம்பு வரை நகர்ந்து நின்றது. கீழே சுரங்கத்தில் எங்கோ பாறை வெடித்திருக்கும். என் மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று இருவரும் காது கொடுத்துக் கேட்டோம். ஊதவில்லை. அவள் குழம்பைக் கிளறத் திரும்பிவிட்டாள். நான் விளிம்பில் நின்ற டம்ளரை உள்ளே தள்ளி வைத்தேன்.

போன தை மாதம் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டேன். உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது. இன்று எழுதிவிடுகிறேன்.

ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் உங்களைத் தெரியாதவர் யார்? ஷாஃப்ட் வாயில் கேஜ் கூண்டின் கதவைச் சாத்தி, மணியடித்து, ஆட்களைக் கீழே அனுப்புகிறவர் நீங்கள். உங்கள் மணியைக் கேட்காமல் எஞ்சின்காரன் கேஜை இறக்க மாட்டான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கேலி வைத்திருப்பீர்கள். பாதாளத்துக்குப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். நம் நாடக செட்டில் பதினைந்து வருடம் கோமாளி வேடம் உங்களுக்குத்தான். படுதாவின் ஓரத்தில் தலையை நீட்டினாலே போதும், சனம் சிரிக்கும். நான் பட்டறைத் தச்சன். எங்கள் சர்ச் ஆர்மோனியத்தைப் பழுது பார்க்கப் போய், வாசிக்கவும் பழகிக்கொண்டவன். என்னை மேடைப் பக்கம் இழுத்து வந்தது நீங்கள். அதற்காகச் சர்ச் ஐயர் என்னை இரண்டு முறை கண்டித்தார்.

சுரங்கக் கேம்பு புதிதாக வந்த காலத்தில் போட்ட ‘மரகதமாலை’ நாடகத்தை மறுபடி போடலாம் என்று பேச்சு வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். ராஜபார்ட் பாடியவர் ஊருக்குத் திரும்பிப் போனதோடு நின்றுபோன நாடகம் அது. குழாயடியில் பெண்கள் இன்னும் அதன் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ராஜா யார்? ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னீர்கள்:

“நான் கட்டறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நீங்கள் சிரிக்கவில்லை.

“இன்னா சிரிக்கிறீங்க? அம்பத்தஞ்சு வயசுல நான் அழக்கூடாதா?” என்றீர்கள்.

அந்த ராஜா கோள் பேச்சை நம்பித் தன் ஒரே மகனை நாடு கடத்தியவன். பிறகு மனம் தாங்காமல் காடு காடாக அவனைத் தேடுகிறான். கடைசியில் மகனின் தலைப்பாகை மட்டும் முள்ளில் சிக்கிக் கிடைக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு ராஜா பாட வேண்டும். கோமாளி அதைப் பாடினால் யார் அழுவார்கள்? செட்டில் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. என் தம்பி சாமுவேலுக்கு மட்டும் இல்லை. அவன் கீழே பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தான். ஷிப்டு முடிந்ததும் உங்கள் லைன் வீட்டு வாசலுக்கு வந்து ஒத்திகை கேட்பான். “பாருண்ணா, இவரு எல்லாரையும் அழ வெச்சிடுவாரு” என்பான் என்னிடம்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமை ஒரு இடி விழுந்தது. ராணி வேடம் கட்டும் முனுசாமிக்கு அந்த ஞாயிறு வேலை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில் பம்புக்காரர்களும் மரமுட்டுக்காரர்களும் மட்டும் கீழே இறங்குவார்கள். அதில் அவன் பெயர் இருந்தது. மேஸ்திரி விட மாட்டேன் என்றுவிட்டார். ராணி இல்லாமல் நாடகமா? சனிக்கிழமை நீங்கள் என் தோளைத் தட்டி, “முனுசாமி ஷிப்டுக்குப் பதிலு ஆள் கெடச்சிட்டாம்பா. கவலப்படாத” என்றீர்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சாமுவேல் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். மாரிகுப்பத்தில் சிநேகிதன் வீட்டுக்குப் போகிறேன், நேராக நாடகத்துக்கு வந்துவிடுகிறேன் என்றான். ஆராதனைக்கு வராமல் ஊர் சுற்றுகிறானே என்று நான் திட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். வேடம் போடும்போது அதை உங்களிடம் சொல்லிக் குறைபட்டுக்கொண்டேன். நீங்கள் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

பழைய மரக் கொட்டகை, தகரக் கூரை, ஒரே ஒரு வாசல். உள்ளே எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம். இடது பக்கம் பெண்கள், குழந்தைகள். அங்கே மூன்றாவது வரிசையில் என் மனைவி, மடியில் ஆறு வயதுப் பாப்பா. நீங்கள் கிரீடத்தோடு வந்ததும் கொட்டகையே சிரித்தது. “ராஜா மூஞ்சியப் பாருடா!” என்று ஒருவன் கத்தினான். மகனை நாடு கடத்தும் காட்சியிலும் சிரித்தார்கள். ஆர்மோனியக் கட்டைகளில் என் விரல்கள் வேர்வையில் வழுக்கின. நீங்கள் ஒரு தடவைகூட அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. புருவத்தைத் தூக்கினால் கைதட்டல் கிடைக்கும் என்று தெரிந்தும் தூக்கவில்லை.

தலைப்பாகைப் பாட்டு வந்தது. நீங்கள் உட்கார்ந்தீர்கள். உச்சத்தில் எடுக்க வேண்டிய பாட்டைத் தாழ்ந்த சுருதியில் எடுத்தீர்கள். நான் ஆர்மோனியத்தில் தடுமாறிப் பின்தொடர்ந்தேன். முதல் அடிக்கு எங்கோ ஒரு சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் அவனை அதட்டினார்கள். இரண்டாவது அடிக்குச் சத்தமே இல்லை. சுரங்கத்தில் மகனைப் பறிகொடுத்த கிழவி ஒருத்தி முன்வரிசையில் இருந்தாள். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கம்பத்தில் சாய்ந்து நின்ற முரட்டு ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். பதினைந்து வருடம் உங்களுக்குக் கிடைக்காத நிசப்தம் அது.

அப்போதுதான் தரை தூக்கிப் போட்டது.

காலுக்கடியில் ஒரு மோதல். தகரக் கூரை முழுவதும் தடதடத்தது. மேலிருந்து தூசு கொட்டியது. குழந்தைகள் வீறிட்டன. அடுத்த நொடி சங்கு. நீளமாக, விட்டு விட்டு, மூன்று முறை. அதற்கு அர்த்தம் தெரியாத குழந்தைகூட அந்தக் கேம்பில் இல்லை. மொத்தக் கொட்டகையும் எழுந்து வாசலைப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு பெண் விழுந்து அலறினாள்.

நீங்கள் கிரீடத்தோடு மேடை விளிம்புக்குத் தாவினீர்கள். தாளக்காரரின் கையிலிருந்து ஜால்ராவைப் பிடுங்கினீர்கள்.

“டேய்! எவண்டா அது எய்ந்தவன்? ராஜா இன்னும் சாவல, அதுக்குள்ள பொணம் தூக்க வந்துட்டீங்களா?”

அது கோமாளியின் குரல். அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டு, பழக்கத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். கூட்டம் ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணம் உங்களுக்குப் போதுமாக இருந்தது.

“ஒக்காருங்க! தெனமும் என் மணியக் கேட்டுத்தான கேஜ்ல ஏறுறீங்க? இன்னிக்கும் அப்டித்தான். ஒரு மணி அடிச்சா பத்துப் பேரு. மொதல்ல பொம்பளைங்க, கொயந்தைங்க. மணி அடிக்காம எவனாவது நகந்தா, நாளைக்குக் கேஜ்ல அவனக் கால் ரெண்டும் வெளிய தொங்கத்தான் அனுப்புவேன்!”

ஜால்ராவை ஒரு முறை அடித்தீர்கள். பின்வரிசைப் பத்துப் பெண்கள் எழுந்து போனார்கள். மறுபடி ஒன்று. அடுத்த பத்து. நான் ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

“வாசி,” என்றீர்கள், உதடு அசையாமல்.

“அண்ணா, எந்த லெவலு? யார் யாரு கீழ?”

“பம்புக்காரங்கதாம்பா. வாசி. நீ நிறுத்துனா இவங்க ஓடுவாங்க.”

“சாமுவேலு…”

“மாரிகுப்பத்துல கீறான்னு நீதான சொன்ன? வாசி!”

வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று இன்றுவரை தெரியாது. மணி அடித்த ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஒரு கேலி சொன்னீர்கள். பருத்த பெண் ஒருத்தி எழுந்தபோது, “இவங்களுக்கு ரெண்டு மணி!” என்றீர்கள். அழுதுகொண்டே சிரித்தாள். என் மனைவி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். உங்கள் முகத்தில் அரிதாரம் வேர்வையில் வழிந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. குரல் மட்டும் ஒரு முறைகூட உடையவில்லை.

கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் ஜால்ரா உங்கள் கையிலிருந்து விழுந்தது. சொந்தக் குரலில் பேசினீர்கள்.

“இப்ப நிறுத்து. ஷாஃப்டுக்கு ஓடு. சாமுவேலு கீழ கீறான். முனுசாமிக்குப் பதிலு அவன்தான் போனான். உன்கிட்ட சொல்லாதன்னு என் கையப் புடிச்சிக் கேட்டுக்கினான்.”

நான் உங்களைப் பிடித்துத் தள்ளினேன். மேடையிலிருந்து மல்லாந்து விழுந்தீர்கள். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன்மேல் சாக்குப் போர்த்தியிருந்தார்கள். சாக்கு இன்னும் ஈரமாக இருந்தது. மேலே கொண்டுவந்தபோது உயிர் இருந்ததாம். உங்களுக்குப் பதில் மணியில் நின்ற சின்னப்பன் சொன்னான். கொஞ்ச நேரம் கண் திறந்து கிடந்தானாம். நான் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த நேரம்.

அடக்கத்துக்கு நீங்கள் வந்தீர்கள். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே தலையில் துண்டு போடாமல் வெயிலில் நின்றீர்கள். நான் பேசவில்லை. அதன் பிறகு மூன்று வருடம் பேசவில்லை. நீங்கள் எதிரே வந்தால் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கமாகப் போனேன். நீங்கள் மறுபடி வேடம் கட்டவே இல்லை. கேஜில் ஆட்களை ஊமையாக அனுப்புகிறீர்கள் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். “மணி மட்டும்தான் அடிக்கிறாரு. பயமா கீதுப்பா” என்றான் ஒருவன். அதைக் கேட்டு எனக்கு ஒரு கொடூரமான திருப்தி வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

என் மனைவி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “நீங்க அன்னிக்கு எய்ந்து ஓடியிருந்தா, நானும் பாப்பாவும் அந்த வாசல்லயே நசுங்கியிருப்போம். என் பின்னால எத்தினி பேரு நின்னாங்கன்னு எனக்குத்தான் தெரியும்.” நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன். ஆனால் அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. அண்ணா, நீங்கள் அந்தக் காரணத்தை என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள்மேல் தப்பு இல்லை என்று ஊரே பேசியிருக்கும். என் பெண்டு பிள்ளையைக் காட்டி உங்களைக் காப்பாற்றிக்கொள்ள உங்களுக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒரு நாள், கீழே ஒரு கதவு பழுதென்று என்னை இறங்கச் சொன்னார்கள். எனக்கு அதுதான் முதல் இறக்கம். கேஜில் ஒன்பது பேரோடு நின்றேன். நீங்கள் கதவைச் சாத்த வந்தீர்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் உங்கள் முகம் ஒரு சாண் தூரத்தில். மெலிந்து போயிருந்தீர்கள். மணிக் கயிற்றில் கை வைத்தீர்கள்.

“அண்ணா,” என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “எதனா சொல்லி அனுப்புங்க.”

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“தச்சரே,” என்றீர்கள் மெதுவாக, “போற வழியில அங்க ஒரு ஜன்னல் வெச்சிட்டு வாங்க. காத்தே வர்ல, காத்தே வர்லன்னு இவனுங்க என் உயிர எடுக்கறானுங்க.”

ஒன்பது பேரும் சிரித்தார்கள். நீங்கள் மணியடித்தீர்கள். இருட்டுக்குள் இறங்கும்போது நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பின் பேசினோம். மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, ஆண்டர்சன்பேட்டை சந்தையில் கத்தரிக்காய் விற்ற விலையைப் பற்றி. சாமுவேலைப் பற்றி மட்டும் பேசவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் முற்றியபோது உங்கள் கட்டிலருகே ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். வாய் வரை வந்தது. சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். அன்றைக்குச் சின்னப்பன் என்னிடம் இன்னொன்றும் சொன்னான். சாமுவேல் கண் திறந்து கிடந்தபோது என்னைக் கேட்கவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. “நாடகம் இன்னா ஆச்சு? ராஜா பாட்டுக்கு ஜனம் அழுதாங்களா?” என்று கேட்டிருக்கிறான். சின்னப்பன் மத்தியானம் முழுவதும் ஷாஃப்ட் வாயிலேயே நின்றவன், நாடகத்தைப் பார்க்காதவன். இருந்தும், “அழுதாங்கப்பா, எல்லாரும் அழுதாங்க” என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் தம்பி கண்ணை மூடினான்.

அடுத்த மாதமே சின்னப்பன் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இதை நீங்கள் கேட்டிருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பீர்கள் என்று தெரிந்தும் முதலில் கோபத்தில் மறைத்தேன். பிறகு வெட்கத்தில் மறைத்தேன். கொட்டகை காலியாகும் வரைதான் நீங்கள் என்னிடம் ஒன்றை மறைத்தீர்கள். நான் உங்களிடம் மறைத்தது ஆறு வருடம்.

சின்னப்பன் பார்க்காமல் சொன்னான். நான் ஆர்மோனியத்தின் பின்னால் இருந்து பார்த்தேன். அண்ணா, அழுதார்கள். எல்லோரும் அழுதார்கள்.