ஆறாம் மாடிக்குப் போன தாமாஜுவானா

மார்ச் 4, 2024
கரண்ட் இல்லை, லிஃப்டும் இல்லை. பபேடான் பேட்டை முழுக்க இருபது லிட்டர் தண்ணீர் போத்தல்கள் என் தோளில்தான் ஏறின. ஸ்பெயின்காரர்களுக்கு சூலே பகோடாவைக் காட்டிக் கதை சொல்லிச் சாப்பிட்டவனுக்கு இந்தப் பிழைப்பு! இப்போது வெள்ளைக்காரன் எவன் வருகிறான்? பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள். எனக்கு முப்பத்துமூன்று, அந்த வயதுக்கணக்குக்குள்தான் இருக்கிறேன்.

பார்சலோனாவில் ஒரு பள்ளி, ஒரு வருடப் படிப்புக்கு இங்கிருந்து ஒரே ஒருவரை எடுக்கிறதாம். அந்த ஊர் மொழியான கட்டலானில் ஏதாவது ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். எந்தச் சொல்? தோள் வலியே சொல்லிவிட்டது — தாமாஜுவானா. பிரம்பு பின்னிய பெரிய கண்ணாடிப் போத்தல்.

மார்ச் 9
நான் தண்ணீர் போடும் ஆறாம் மாடி வீட்டுப் பையன் பாசில் வந்தான். அவனும் எழுதுகிறானாம். அவனுக்குக் கட்டலான் சொல்லிக்கொடுத்ததே நான், டீயும் வாங்கித் தந்து. அந்தச் சொல்லைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். பிரெஞ்சில் இதை 'தாம் ழான்', அதாவது ழான் சீமாட்டி என்பார்கள், அங்கிருந்து வந்தது. ஏன் அந்தப் பெயர்? யாருக்கும் தெரியாது. பாரசீகத்து ஊர் ஒன்றின் பெயர் என்பதற்கும் சான்று கிடையாது. ஜுவானா ராணி புயலுக்கு ஒதுங்கிய இடத்தில் கண்ணாடி ஊதிப் பார்த்தாள், போத்தல் பெருத்துவிட்டது என்பது வெறும் கட்டுக்கதை.

"கதைதாண்ணே நல்லாருக்கு."

"போடா, பொய்யிடா அது!"

மார்ச் 10
பிழைப்புக்காக எத்தனையோ புளுகியாயிற்று. இதையாவது ஒழுங்காக எழுதுவோம். 'தெரியவில்லை' என்றே முடித்து அனுப்பினேன்.

ஏப்ரல் 2
பதில் வந்தது. 'தகவல்கள் சரி, எழுத்தில் உயிர் இல்லை.' உயிரா? ஆறு மாடி ஏறி வாங்கய்யா, காட்டறேன்! இடம் பாசிலுக்கு. ராணி, புயல், எல்லாம் போட்டிருக்கிறான், பாவி.

போன் போட்டுக் கத்தினேன். "நீங்கதானே லூர்தண்ணே வேணாம்னு தள்ளுனீங்க? நீங்க தள்ளுனதத்தான் எடுத்துக்கிட்டேன்," என்கிறான். போனை அணைத்தேன்.

ஏப்ரல் 20
போய்விட்டான். வழியனுப்ப நான் போகவில்லை.

மே 6
ஆறாம் மாடி, பாசில் வீடு. போத்தலை இறக்கினேன். அவன் உம்மா விசிறியால் எனக்கே வீசிவிட்டார்.

"இந்தப் போத்தலுக்குப் பின்னாடி ஒரு ராணி கதை இருக்காம் தம்பி. எம் புள்ள தானா படிச்சுக் கண்டுபிடிச்சிருக்கான். நீயும் அவனோட சேந்து படிச்சிருக்கலாம்ல?"

"படிச்சிருக்கலாம் உம்மா."

"நீ வெள்ளைக்காரங்களோட பழகுனவன். நெசந்தானே அந்தக் கதை?"

"நெசந்தான் உம்மா. ராணியேதான் ஊதுனா."

காலிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.