கடைசியாக வருபவளின் விளக்கு

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் எனக்குக் கடைசி இடம்தான். முன்னால் அண்ணன், நடுவில் அண்ணி, பின்னால் நான். மூழ்கிக் கிடக்கும் கப்பல்களுக்குள் பதினொரு வருடமாக அண்ணன் பின்னால் போனது நான் ஒருத்திதான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஆறு மாதமாக நான் பார்ப்பது அண்ணியின் கால் துடுப்புகளை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். வாய் நிறைய 'அண்ணி' என்று கூப்பிட்டுவிட்டு வந்து இங்கே எழுதுகிறேன்.

படகில் ஏறியதும் அண்ணன் சொன்னான்: "அவ லைட்டை எவ்வளவு நிதானமாப் பிடிக்கிறா பாத்தியா? நான் திரும்பியே பாக்க வேணாம். செவுத்துல அந்த வட்டம் தெரிஞ்சாப் போதும்."

என் விளக்கும்தான் பதினொரு வருடம் அதே மாதிரிச் சுவர்களில் விழுந்தது. அதைப் பற்றி ஒரு நாளாவது ஒரு வார்த்தை?

மார்ச் 5

வயிறு எரிகிறது. நாகரிகமான வார்த்தை ஏதாவது போடலாமா என்று பார்த்தேன். இதுதான் சரியான வார்த்தை.

மார்ச் 9, சனி

புது விளக்கு வாங்கப் போனேன். கடைக்காரர் என்னிடமே பாடம் எடுத்தார்: "எவ்வளவு நேரம் தண்ணில இருப்பீங்களோ அதுக்கு ரெண்டு மடங்கு எரியணும். வெளிச்சம் குறுகலாப் போகணும். உள்ள நீங்க பேசிக்கிறதே அதாலதானே."

எனக்குத் தெரியாதா? மெதுவாக வட்டம் போட்டால் எல்லாம் சரி. வேகமாக இடமும் வலமும் ஆட்டினால் ஆபத்து. யாருடைய விளக்கு செத்தாலும் எல்லோரும் திரும்ப வேண்டும்.

"இருக்கிறதுலயே பெரிய வெளிச்சம் எது?" என்றேன்.

மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். "இது படம் பிடிக்கிறவங்க வாங்குறது. அகலமாப் பரவும். கூட வர்றவங்க லைட்டை முழுங்கிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே வாங்கினேன். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதி வைக்கலாம்.

மார்ச் 10

வெறும் காற்றில் எரியவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும். அதனால் குளியலறை வாளியில் அமிழ்த்திப் போட்டுப் பார்த்தேன். கூரை வரைக்கும் பால் வெளிச்சம். வெளியிலிருந்து அம்மா, "உள்ள என்னடி, சூரியனைப் பிடிச்சு ஊற வச்சிருக்கியா?" என்றாள்.

அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்திருந்தார்கள். அண்ணி வாளியை எட்டிப் பார்த்து, "கொஞ்சம் அகலமோ?" என்றாள். அண்ணன், "லைட்டு விஷயத்துல அவ சொல்றதுதான்" என்று விட்டுவிட்டான். நான் ஒர்க்‌ஷாப்பில் வயரிங் பார்ப்பவள் என்பதால் அந்த மரியாதை.

அண்ணிக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன்.

மார்ச் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஐம்பது மீட்டர் ஆழம், பழைய சரக்குக் கப்பல், நடைபாதை. திரும்பி வருவதற்கான வழிக்கயிற்றைக் கட்டிக்கொண்டே அண்ணன் முன்னால் போனான். என் விளக்கு பின்னாலிருந்து எல்லாவற்றையும் வெள்ளையடித்திருந்தது. துருத்தூள் ஒவ்வொன்றும் மின்னியது. அண்ணியின் வட்டம் எங்கே விழுகிறதென்றே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான்.

அண்ணி நின்றாள். என்ன ஆராய்ச்சியோ என்று நினைத்தேன். அண்ணன் நிற்காமல் மூலை திரும்பிவிட்டான். அவள் என் பக்கம் திரும்பி, கண் கூசித் தலையைத் தாழ்த்தி, சுவரைத் தடவிக்கொண்டே வந்து உள்ளங்கையால் என் விளக்கை மூடினாள்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

என் லைட்டை மூட நீ யாருன்னுதான் அப்ப தோணுச்சு. வேற ஒண்ணுமே தோணல. அவ்வளவு ஆழத்துல, ஒரு உயிர் எங்கிட்ட வந்து கேக்குது, நான் தட்டி விடுறேன் — நானெல்லாம் என்ன மனுஷி?

இரண்டாவது முறை இரு கைகளாலும் பிடித்துத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். இருட்டு. அப்போதுதான் தெரிந்தது, அவள் தோளில் மஞ்சளாக ஒரு சின்ன மாற்று விளக்கு மட்டும் எரிந்தது. பெரிய விளக்கு செத்திருந்தது. மாற்று விளக்கை எத்தனை முறை ஆட்டினாளோ, என் வெள்ளையில் அண்ணனுக்கு எதுவும் தெரியவில்லை. பின்னால் திடீரென்று இருண்டதும்தான் பதறித் திரும்பி வந்தான்.

மேலே ஏறும் வழியில், ரத்தத்தில் சேர்ந்த வாயு வெளியேற, கயிற்றைப் பிடித்தபடி நாற்பது நிமிடம் தொங்க வேண்டும். அண்ணன் சற்று மேலே; கீழே எதிரெதிரே நாங்கள் இரண்டு பேர், பேச வழியில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படகில் அண்ணன் கேட்டதற்கு, "என் லைட் போச்சு. இவங்க பக்கத்துல இருந்தாங்க, சமாளிச்சோம்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 18

அண்ணன் போன் செய்தான். "நல்லவேளை, அவளுக்குப் பின்னாடி நீ இருந்தே."

ஆறு மாதமாக ஏங்கிய ஒரு பாராட்டு, ஒரு பொய்க்குக் கிடைத்திருக்கிறது. அதையும் அவள் போட்ட பிச்சையாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மன்னிப்பதிலும் என்னை முந்திவிட்டாள் என்று ஆத்திரமாக இருக்கிறது. இப்படி ஒரு புத்தி.

மார்ச் 20

ஒர்க்‌ஷாப்பில் ஒரு காரின் ஹாரனுக்குப் போக வேண்டிய ஒயரை வைப்பருக்குக் கொடுத்துவிட்டேன். முதலாளி சிரித்தார். என்னால் முடியவில்லை.

மார்ச் 23, சனி

சொல்லிவிட்டேன். அண்ணன் உடுப்புகளை அலசிக்கொண்டிருந்தான். விளக்கை எதற்காக வாங்கினேன் என்பதிலிருந்து கையைத் தட்டிவிட்டது வரைக்கும் எல்லாம்.

குழாயை மூடினான். "எஞ்சின் ரூமுக்கு நீ வேணாம்."

இந்த வருடம் முழுக்க நாங்கள் நெருங்கிக்கொண்டிருந்தது அந்த அறையைத்தான். வாசல் குறுகல், இரண்டு பேர்தான் போக முடியும். சரி என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் அழுதேன்.

மார்ச் 30, சனி

அம்மா வீட்டில் எல்லோரும். கப்பலின் வரைபடம் போடுவது அண்ணி, எஞ்சின் அறைக்குக் கட்டாயம் போக வேண்டியவள் அவள்தான். தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் இவங்களோட போறேன்."

அண்ணன் முறைத்தான். "அவ என்ன பண்ணான்னு தெரியும்ல?"

"என் கைதானே, எனக்குத் தெரியாதா? இனிமே இவங்க என் லைட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாங்க. நீங்க மூலை திரும்பிப் போயிட்டீங்க. நான் இருக்கேனான்னு பாக்கவே இல்ல."

அம்மா எல்லோருக்கும் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பழைய விளக்கையே எடுத்துக்கொண்டேன். முன்னால் அண்ணி, பின்னால் நான். எஞ்சின் அறையில் அவள் அளக்க, நான் நாடாவின் முனையைப் பிடித்தேன். இரண்டு நிமிடத்துக்கொரு தடவை அவளுடைய வட்டம் சுவரில் மெதுவாகச் சுற்றியது. ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே என்னுடையதைச் சுற்றினேன்.

அண்ணன் இன்று படகிலேயே இருந்தான். ஏறியதும், "உள்ள என்ன இருந்துச்சு?" என்றான். நானும் அண்ணியும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

"சரி, நீங்களே பேசிக்கோங்க" என்று அவன் நங்கூரக் கயிற்றைச் சுருட்டப் போனான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் அதை நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எஞ்சின் அறையின் கதவிலிருந்து ஆரம்பித்து அவனுக்குச் சொன்னேன்.