கதவு மூடியிருக்கிறது

இன்று காலை தர்க்க வகுப்பில் சாக்பீஸ் ஒடிந்து விழுந்தது. அணு வாய்பாடு என்றால் இதற்கு மேல் உடைக்க முடியாத வாக்கியம் என்று சொல்லி உதாரணம் எழுதப் போனேன். கை தானாக 'கதவு மூடியிருக்கிறது' என்று எழுதிவிட்டது. அது உன் உதாரணம். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றேன்.

தர்க்கத்தை நாம் ஒன்றாகத்தான் படித்தோம். நான் பாடம் நடத்த வந்தேன். நீ நம்மூர் மேட்டுப்பாளையத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதப் போனாய். கதவு மூடியிருந்து, பொத்தானும் அழுத்தியிருந்தால் மட்டும் ஓடு. "ரெண்டு அணு வாக்கியம், நடுவுல சேக்குறதுக்கு ஒரு 'அண்ட்'. இதுக்குப் போயி சம்பளம் குடுக்குறானுங்கடி" என்று சிரிப்பாய்.

ஒருநாள் அரியாங்குப்பத்தில் என் வீட்டில் இறக்கிவிட வந்தபோது, ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டேன், "அந்த அணு பொய்யா இருந்தா?"

"லாஜிக்கு அதச் சொல்லாதுடி. எழுந்து போயி கண்ணால பாக்கணும்."

நீ தொழிற்சாலையில் சண்டை போட்டதெல்லாம் அதற்காகத்தான். கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும், வேலை தேங்கும். அதனால் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டிவிடுவார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே இயந்திரம் நம்பும். நீ அதைப் பிடுங்கி எறிந்து, "கை போனா ஒட்டிக்கவும் காந்தம் வச்சிருக்கியாய்யா?" என்று கத்துவாய். அடுத்த ஷிப்டில் இன்னொன்று இருக்கும்.

உன் கடைசி நாளன்றும் காலையில் பிடுங்கித்தான் இருந்தாய். மதியம் சிக்கிய தகட்டை எடுக்க, கதவைத் திறந்துவிட்டு உள்ளே குனிந்தாய். அதற்குள் புதிதாக ஒன்று ஒட்டப்பட்டிருந்தது உனக்குத் தெரியாது. மறுபக்கம் நின்றவருக்கு நீ தெரியவில்லை. பொத்தானை அழுத்திவிட்டார்.

நிர்வாகம் பழியை உன் தலையிலேயே போட்டது. கட்டளையில் பிழையாம், எழுதியது நீயாம். உன் அம்மாவும் நம்பிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! விசாரணைக்குப் போய், நீ எழுதியதை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். பிழையில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு அறிக்கையில் எழுதினார்கள்: 'யாரோ காந்தம் ஒட்டியிருக்கிறார்கள்.'

அடப் பாவிகளா, அணு வாக்கியத்தில் 'யாரோ' வராது, பெயர் வேண்டும். பெயர் தெரிந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உப்பளத்தில் உன் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். "அவ சரியாத்தாம்மா எழுதியிருக்கா."

அவர்கள் அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத்தான் துடைத்துவிட்டார்கள்.

"அப்ப எம் பொண்ணக் கொன்னது யாரும்மா?"

"யாரோம்மா" என்றேன். ஞாயிறுதோறும் போகிறேன். ஞாயிறுதோறும் கேட்கிறார்கள். அதையேதான் சொல்லிவிட்டு வருகிறேன்.