சிமெண்ட் காய்வதற்குள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையில் நானும் அப்பாவும் சுகம், நாய் குண்டனும் சுகம்தான், அவன் மூக்கில் மட்டும் நான்கு ஓட்டை. நீ அனுப்பிய படத்தில் இளைத்துத் தெரிகிறாய், பழியைக் கேமரா மேல் போடாமல் வேளைக்குச் சாப்பிடு.

ஓட்டை எப்படி வந்தது என்று கேட்பாய். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் முள்ளம்பன்றி ஜோடி ஒன்று வளை தோண்டிக் குடிவந்து இரண்டு மாதமாகிறது. முன்பணம் இல்லை, வாடகை இல்லை, சாப்பாடு மட்டும் அப்பாவின் கிழங்குப் பாத்தியில். அது முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று யாரோ சொல்லிவைக்க, உன் அப்பா குடையை முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டுதான் பாத்திக்குப் போவார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "என்னண்ணா, வெயில் இப்போ தரையிலேருந்து அடிக்குதா?" என்று கேட்டே விட்டாள். எனக்குத்தான் எதையும் எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராதே, தினமும் மாலையில் வளைவாசல் மண்ணைத் துடைப்பத்தால் சமன்செய்து, காலையில் எத்தனை தடம் என்று நோட்டில் குறித்து வந்தேன். இரண்டு போகும், இரண்டு வரும்.

போன மாதம் குண்டன் புதைத்து வைத்த எலும்பெல்லாம் வளைவாசலில் பல் பதிந்து கிடந்தன. நம் வீரர் நியாயம் கேட்கப் போய் மூக்கில் நான்கு முள்ளோடு திரும்பினார். கால்நடை டாக்டர் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே பாடமும் நடத்தினார். பேரில்தான் பன்றியாம், சாதியில் எலியாம். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்க்க வேண்டுமாம், எலும்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் அதற்கு வேண்டுமாம். முள் என்பது தடித்துப்போன மயிர்தானாம், எய்யவெல்லாம் வராதாம். முதலில் சிலிர்த்துக் காட்டும், பிறகு வாலிலிருக்கும் குழல் முட்களைக் கலகலவென்று ஆட்டி எச்சரிக்கும், அதற்கும் நகராதவன் மேல்தான் பின்பக்கமாக ஓடிவந்து குத்துமாம். "அது சொல்லிட்டுத்தாம்மா குத்தும், உங்க ஆளு காதுல வாங்கல" என்றார். பகலெல்லாம் வளைக்குள் தூங்கி, இருட்டிய பிறகுதான் இரைக்குப் போகுமாம். ஜோடி பிரியாதாம், குட்டி போட்டால் தாயும் தகப்பனும் மாறி மாறிக் காவல் இருக்குமாம். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அப்பா குண்டனின் காலைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு மேல் கத்திக்கொண்டிருந்ததால் அவர் காதில் பாதிதான் விழுந்தது.

வினை அங்கேதான். ஒரு வியாழக்கிழமை நான் பிரார்த்தனைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொத்தனாரைக் கூப்பிட்டு, காலை பத்து மணிக்கு வளைவாசலைச் செங்கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்துவிட்டார். பதினொன்றரைக்கு நான் வந்தால், கட்டடம் திறந்துவைத்தவர் மாதிரி நிற்கிறார். "பகல்ல எல்லாம் வெளியதானே போயிருக்கும், சாயங்காலம் வந்து பாத்துட்டு வேற வீடு தேடிக்கட்டும்" என்கிறார். முப்பது வருஷம் பத்து மணிக்கு ஆபீஸ் போனவர் இல்லையா, அதுவும் போயிருக்கும் என்று நினைத்துவிட்டார். வேறு வாசல் இருக்குமோ என்று தொட்டியைச் சுற்றிப் பார்த்தேன், மூன்று பக்கமும் தளம் போட்ட தரை. உடனே நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பன்னிரண்டு நாளாக ஒரே நேரத்தில் ஒரு தடம்தான் போயிருக்கிறது, அது திரும்பி வந்த தடத்தை மிதித்துக்கொண்டுதான் மற்றது போயிருக்கிறது. முன்னால் இதைக் காட்டியபோது, "புருஷன் பொண்டாட்டி சண்டையா இருக்கும், நீ நடுவுல போகாதே" என்று சிரித்தவர், இப்போது இரண்டு வரி படித்ததும் நோட்டைக் கீழே வைத்துவிட்டார். "குட்டி இருக்கா?" என்றார், அவ்வளவுதான்.

கொத்தனாருக்குப் போன் போட்டால், "காலைல பூசச் சொல்றீங்க, மத்தியானம் இடிக்கச் சொல்றீங்க, வீட்டுல கேட்டுட்டு ஒரு முடிவா சொல்லுங்க சார்" என்கிறார். சிமெண்ட் இறுகத் தொடங்கிவிட்டது. கடப்பாரையால் இடித்தால் கல் உள்ளே விழுமே என்று அப்பா முட்டிபோட்டு உட்கார்ந்து என் இரும்புக் கரண்டியாலும் கையாலும் சுரண்டினார், நான் கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டே ஈர மண்ணை வாரிப் போட்டேன். முழங்கை நுழையுமளவு திறந்தது. உள்ளே சத்தமே இல்லை. அப்பா குனிந்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கலகலவென்று வால் முள் ஆடும் சத்தம். "திட்டுதுடி! உயிரோட இருக்கு, என்னைத் திட்டுது!" என்று சிமெண்ட் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூன்று நாள் சொட்டு மருந்து போட வேண்டியதாயிற்று.

அது நடந்து மூன்று வாரமாகிறது. இன்று காலை மண்ணில் முன்னால் ஒரு பெரிய தடம், நடுவே என் கட்டைவிரல் அளவில் ஒரு தடம், பின்னால் இன்னொரு பெரியது. கிழங்குப் பாத்தியைச் சுற்றி அப்பா இப்போது தகரம் வைத்து அடைத்துவிட்டார், ஆனால் தொட்டிப் பக்கம் ஒரு வரிசைக் கிழங்கு மட்டும் வெளியே நிற்கிறது. தகரம் பற்றவில்லையாம். சுற்றளவுக்கு மேலேயே அளந்து வாங்கியது நான்.

தினமும் ஒரு நிமிஷமாவது கடவுளை நினை, உன் வேலையும் உடம்பும் அவன் பார்வையில் செழிக்கட்டும். இதை நான் எழுதியதாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. அவராகச் சொல்ல வந்தால், முதல் தடவை கேட்கிற மாதிரி கேள்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அம்மா